கொடுவாக் குஞ்சுகளுக்கு ஆறு விரல் திறப்பு

பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே, கடலுக்கு ஒரு மைல் முன்னால் சின்ன ஆறு ஒன்றின் குறுக்கே நான்கு கண் ஷட்டர் இருக்கிறது. உப்புத்தண்ணீர் வயலுக்கு ஏறாமல் தடுக்கக் கட்டியது. அதை ஏற்றி இறக்கும் லஸ்கர் வேலை காளியம்மாளுடையது. கணவர் பார்த்த வேலை. அவர் மாரடைப்பில் இறந்தபின் கருணை அடிப்படையில் இவளுக்குக் கிடைத்தது.

பிறந்தது மீன்பிடிக் குடும்பம் என்பதால், புரட்டாசியில் ஷட்டருக்குக் கீழே அவள் கண்டது அவளை விடவில்லை. விரல் நீளக் கொடுவா மீன் குஞ்சுகள், நூறு நூறாக, இரும்புப் பலகையில் முட்டிக்கொண்டு நின்றன. கடலில் பிறந்தவை, மேலே குளம் குட்டைக்குப் போய் வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குத் திரும்ப வேண்டியவை. கொக்குகள் வரிசையாக உட்கார்ந்து கொத்தின. மடவைக் குஞ்சுகளுக்கும் அதே கதிதான்.

கடல் தண்ணீர் இறங்கும் வற்றுநேரத்தில் ஷட்டருக்கு மேல்பக்கத் தண்ணீர் உயர்ந்திருக்கும். கொஞ்சம் திறந்தாலும் உப்பு உள்ளே வராது. தினமும் அந்த ஒரு மணி நேரம் ஒரு ஷட்டரை ஆறு விரல் தூக்கினாள். குஞ்சுகள் ஓட்டத்தை எதிர்த்து ஏறின. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள்.

பக்கத்தில் குத்தகைக்குச் சாகுபடி செய்யும் தியாகராசன் மட்டும் பார்த்துவிட்டார்.

"உப்பு ஏறிடாதா, காளியம்மா?"

"நான் இங்கேயே நிக்கிறேன்ல அண்ணே. தண்ணி திரும்புறதுக்குள்ள இறக்கிடுவேன்."

அவர் நம்பினார். பன்னிரண்டு நாள் சரியாகவே நடந்தது.

பதின்மூன்றாம் நாள் கடல்காற்று முன்னதாகவே வலுத்தது. தண்ணீர் வழக்கத்துக்கு முன்பே ஏறத் தொடங்கியது. ஓடிப்போய்க் கைப்பிடியைச் சுற்றினாள். ஷட்டர் பாதியில் நின்றது. மேலிருந்து ஆகாயத்தாமரையோடு வந்த பனந்துண்டு ஒன்று அடியில் சிக்கியிருந்தது. அவள் கத்தியதைக் கேட்டு தியாகராசன் ஓடிவந்து மார்பளவுத் தண்ணீரில் இறங்கினார். இருவரும் இழுத்து எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் உப்புத்தண்ணீர் உள்ளே போய்விட்டது. அவர் வயலில் ஆயில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததை இருவருமே மறந்திருந்தார்கள். அது அந்தத் தண்ணீரை நாற்றங்காலுக்கு இறைத்துவிட்டது.

மூன்றாம் நாள் சம்பா நாற்று நுனி கருகியது. ஐந்தாம் நாள் வெளுத்துப் படுத்தது. காளியம்மாள் வரப்பில் நின்று பார்த்தாள்.

விசாரிக்க உதவிப் பொறியாளர் சுவேதா வந்தார். தியாகராசனிடம், "மேல தேங்கின தண்ணி வடியத்தான் ஷட்டர் திறந்திருந்துச்சா?" என்று கேட்டார். தியாகராசன் தரையைப் பார்த்தார். அவர் ஆமாம் என்றால் போதும், தப்பிவிடலாம் என்று காளியம்மாளுக்குத் தெரியும். அவர் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"இல்லீங்க மேடம். நான்தான் திறந்து வெச்சேன். மீன்குஞ்சு மேல போகட்டும்னு."

"நல்ல எண்ணமா இருக்கலாம். ஆனா சொந்தமா முடிவெடுக்கலாமா? ஒரு வருஷச் சாப்பாடுங்க அது."



தியாகராசன் திருப்பனந்தாள் பக்கம் உறவினரிடம் மிஞ்சிய நாற்றை லாரியில் கொண்டுவந்தார். நடவு நாட்களில் காளியம்மாள் தானாக வயலில் இறங்கினாள். அவர் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மட்டும், நாற்று முடிகளை எடுத்து வீசிக்கொண்டே கேட்டார்:

"அந்தக் குஞ்சுங்க எத்தனை மேல போச்சு?"

"தெரியலை அண்ணே. எண்ணலை."

பிந்தி நட்ட பயிர் வேர் பிடிக்குமுன் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்றில் ஒரு பங்கு அழுகிப்போனது. அதே வாரம் காளியம்மாளுக்கு பூதலூர் பக்கம் மாற்றல் உத்தரவு வந்தது. புதிய லஸ்கரிடம் சாவியைக் கொடுக்கும்போது, "வற்றுநேரத்துல..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். கீழே குஞ்சுகள் பலகையில் முட்டிக்கொண்டிருந்தன. கொக்குகள் அன்றைக்கும் வந்திருந்தன.