ஜெல் மெத்தை கட்டிய சைக்கிள்

கணுக்காலுக்குக் கட்டுப் போடுவதுபோல எட்டு வடிவில் சுற்றிச் சுற்றி, நெட்டை தன் சைக்கிள் சீட்டுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். கட்டுக்கு அடியில் இருந்தது ஜெல் மெத்தையின் ஒரு துண்டு. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்குப் புண் வராமலிருக்க, எங்கள் பராமரிப்பு இல்லத்தில் இடுப்புக்குக் கீழே வைக்கும் மெத்தை. கிழிந்துபோய் ஒதுக்கிய ஒன்றிலிருந்து அளவாக வெட்டிக் கொடுத்தது நான்தான். கட்டை முடித்து, நுனியைச் செருகி, உள்ளே ஒரு விரல் போகிறதா என்று பார்த்தான். கைப்பழக்கம். சைக்கிள் சீட்டுக்கு ரத்த ஓட்டம் எதற்கு என்று கேட்டேன். சிரித்தான்.

நெட்டைக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. நோயாளிகளைப் பராமரிக்கும் வேலையில் இருபத்திரண்டு வருடம். அவன் ஆறடி இரண்டு அங்குலம். எங்கள் கட்டில்களோ குள்ளம். பாதி ஆயுளைக் குனிந்தே கழித்தவன். வீடு பதினோரு கிலோமீட்டர் தள்ளி. ஷிஃப்ட் நேரத்துக்குப் பஸ் ஒத்துவராததால் சைக்கிளில் வருவான், சைக்கிளில் போவான். பந்தயம், பதக்கம் எதுவும் அவனுக்குத் தெரியாது. அதிகம் பேச மாட்டான். பேசினால் வம்பாக இருக்கும். அவனுக்கு வேலை கற்றுக் கொடுத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் சில நாள் வந்து, புதிதாகச் சேர்பவர்களைப் பழக்கிக்கொண்டிருந்தேன்.

மலை ஏறும் யோசனை வந்தது கேப்டனால். கேப்டன் எங்கள் மூன்றாம் கட்டிலில் இருந்தவர். கப்பலில் அவர் செய்தது சமையல். கேப்டன் பதவி நாங்கள் கொடுத்தது. பக்கவாதம், நூற்று நான்கு கிலோ. ஆளைத் தூக்கும் இயந்திரத்தின் கை விரிசல் விட்ட பிறகு, அவரை நாற்காலிக்கு மாற்ற நாலு பேர் வேண்டியிருந்தது. பகலில் இரண்டு பேர், இரவில் இரண்டு பேர் என்பதுதான் எங்கள் பலம். நாலு பேரும் சேர்ந்து இருப்பது காலையில் ஷிஃப்ட் மாறும் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடம் கேப்டன் உட்கார்ந்திருப்பார். மற்ற நேரமெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

மாதக் கடைசிக்குள் புது இயந்திரம் வராவிட்டால், ஐந்து மணி நேரப் பயணத்தில் உள்ள பெரிய இல்லத்துக்கு அவரை மாற்றிவிடுவோம் என்று நிர்வாகம் நேராகச் சொல்லிவிட்டது. அவர் மனைவி தினமும் முதல் பஸ்ஸில் வந்து, மதியம் ஊட்டிவிட்டுப் போகிறவர். அங்கே போனால் மாதம் ஒரு தடவை பார்த்தாலே அதிகம்.

சைக்கிள் சங்கம் ஒன்று வருடத்துக்கு ஒருமுறை மலை ஏற்றம் நடத்தும். நாற்பத்திரண்டு கிலோமீட்டர், பத்தொன்பது கொண்டை ஊசி வளைவு. ஏதாவது நல்ல காரியத்துக்காக ஓட்டுகிறேன் என்று சொல்லி, தெரிந்தவர்களிடம் ஒரு தாளில் தொகையும் கையெழுத்தும் வாங்க வேண்டும். மாலை நாலு மணிக்குள் உச்சியைத் தொட்டால் கையெழுத்துப் போட்டவர்கள் அந்தப் பணத்தைத் தருவார்கள். தொடாவிட்டால் இல்லை. புது இயந்திரம் வாங்க என்று நெட்டை நீட்டிய தாளில் முதல் கையெழுத்து ஓர் இரும்புக்கடைக்காரருடையது. அவர் தாராளமாக எழுதியதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் எழுதினார்கள்.

சங்கத்தின் செயலாளர் ஒரு பல் டாக்டர். ஜெல் துண்டைப் பார்த்ததும் வேண்டாம் என்றார். நீண்ட தூரத்துக்குக் கெட்டியான சீட்டுதான் சரி, மெத்தென்று இருந்தால் உடம்பு அதில் புதைந்து உரசும் என்று பொறுமையாக விளக்கினார். இருபது வருடமாக அடுத்தவர் முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்கிற தனக்குப் பல் டாக்டர் பாடம் எடுக்கிறார் என்று நெட்டை என்னிடம் வந்து சொன்னான். நானும் அவன் கட்சிதான். எங்கள் தொழிலில் மெத்தென்று இருப்பது நல்லது. படுத்துக் கிடப்பவர் பெடல் மிதிப்பதில்லை என்பது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.

விடுமுறை நாளெல்லாம் மலையடிவாரம் வரை போய்ப் பழகினான். ஏற்றத்துக்கு ஒன்பது நாள் இருந்தபோது, அவன் டீயை நின்றுகொண்டே குடிப்பதைக் கவனித்தேன். கட்டுப் போடும் அறைக்குக் கூப்பிட்டு, குப்புறப் படு என்றேன். எத்தனையோ பேரை அதே மேஜையில் புரட்டிப் போட்டவன், தன் முறை வந்ததும் கூச்சப்பட்டான். சிவந்திருந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தேன். நல்ல தோல் என்றால் அழுத்திய இடம் வெளுத்து, பிறகு நிறம் திரும்பும். இது வெளுக்கவில்லை.

"வெளுக்குதா?" என்று மேஜையில் முகத்தை வைத்தபடியே கேட்டான்.

"இல்லை. எத்தனை நாளா?"

"ஒரு வாரம் இருக்கும்."

"கேப்டன் முதுகை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்க்கறே. உன் பின்பக்கத்தைப் பார்க்க உனக்கு ஆள் வைக்கணுமா?"

"கண்ணு ரெண்டும் முன்னாலதானே இருக்கு, பெரியக்கா."

ஏற்ற நாள் வரை சைக்கிளில் உட்காரவே கூடாது என்றேன். கேட்டுக்கொண்டான். பாதி தூரம் பஸ், பாதி தூரம் நடை என்று வேலைக்கு வந்தான். அவன் மனைவி தையல் வேலை செய்பவள், வாயும் கத்தரிக்கோல்தான். சைக்கிள் சீட்டில் இருந்த கட்டை அவளே வெட்டி எறிந்துவிட்டு, மலைக்குப் படுக்கையோடு கிளம்பின முதல் ஆள் நீங்கதான் என்றாளாம். சிவப்பு குறைந்தது; முழுதாக ஆறவில்லை. போகாதே என்று நான் சொல்லவில்லை. கேப்டனை மாற்றுவதற்கான தாள்கள் அலுவலகத்தில் தயாராகிக்கொண்டிருந்தன.

ஏற்ற நாளன்று சங்கத்தின் வேனில் நானும் பின்னால் போனேன், மடியில் கட்டுப்போடும் பெட்டியோடு. தொடக்கத்தில் ஒழுங்காகத்தான் போனான். கொஞ்ச நேரம் உட்காருவான், கொஞ்ச நேரம் நின்று மிதிப்பான். எட்டாம் வளைவுக்குப் பிறகு உட்காரவே இல்லை. பதினான்காம் வளைவில் கால் நடுங்கியது. இறங்கித் தள்ள ஆரம்பித்தான். கால்சட்டையில் ரத்தம் தெரிந்தது. தள்ளலாமா என்று வேனில் முன்னால் இருந்த பல் டாக்டரிடம் கேட்டேன். ஆளும் சைக்கிளும் சேர்ந்து மேலே வர வேண்டும், அவ்வளவுதான் விதி என்றார். மணி இரண்டே கால். இன்னும் பத்து கிலோமீட்டர் பாக்கி.

வேனை நிறுத்தி இறங்கினேன்.

"போதும். வண்டியில ஏறு."

"கேப்டனைப் பாதி தூக்கிட்டு, போதும்னு விடுவோமா?"

"தூக்கறதுக்கு முன்னாடி நம்மால முடியுமான்னு பார்க்கணும். அதையும்தான் சொல்லிக் கொடுத்தேன்."

"இப்ப தூக்கியாச்சே," என்றான்.

சாலையோரம் துணியை மறைப்பாகப் பிடிக்கச் சொல்லி, புண்ணுக்குப் புதுக் கட்டுப் போட்டேன். அதற்கு ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடம் மிஞ்சியிருந்தாலும் அவன் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டான் என்பதைப் பிறகு நான் யோசித்துப் பார்த்துக்கொண்டேன்.

உச்சியைத் தொட்டபோது மணி நாலு இருபது. பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டர் தாளில் நாலு இருபது என்றே எழுதினார். மாற்றி எழுதும்படி நெட்டை கேட்கவில்லை. காய்ச்சல் எவ்வளவோ அவ்வளவு எழுதிப் பழகியவர்கள் நாங்கள்.

மறுநாள் காலை முதல் வேலையாக, காலியாக இருந்த நாலாம் கட்டிலில் அவனைக் குப்புறப் படுக்க வைத்து, புண்ணைக் கழுவிக் கட்டினேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து கேப்டன் கோணிய வாயால் ஏதோ சொன்னார். எங்களுக்குப் புரியவில்லை. அவர் மனைவி எடுத்துச் சொன்னார்: "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இவரைப் புரட்டணுமாம்." நெட்டை தலையணைக்குள் சிரித்தான்.

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இரும்புக்கடைக்காரர் வந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா. இருபது நிமிடம் தாமதமாமே, பேச்சென்றால் பேச்சுதானே, மற்றவர்களெல்லாம் தன்னைக் கேட்கிறார்கள் என்று வாசலிலேயே ஆரம்பித்தார்.

"கை கழுவிட்டு உள்ளே வாங்க," என்றேன்.

"நான் எதுக்கு?"

"இப்ப மூணு பேர்தான் இருக்காங்க. நாலாவது ஆள் அதோ குப்புறக் கிடக்கான். எனக்கு எழுபத்திரண்டு வயசு, என் இடுப்பு தாங்காது. முட்டியை மடக்குங்க, முதுகை மடக்காதீங்க. மூணு சொன்னதும் தூக்கணும்."

விரிப்பின் ஒரு மூலையை அவர் கையில் கொடுத்தேன். தூக்கினார். பாதியில் அவர் முகம் செங்கல் நிறமானது, ஆனால் பிடியை விடவில்லை. கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி அவரை ஜன்னல் பக்கம் திருப்பித் தலை சீவிவிட்டார்.

கடைக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தினமுமா என்று கேட்டார். தினமும் என்றேன். தாளைக் கொண்டுவரச் சொன்னார். நாலு இருபது என்று இருந்ததற்குப் பக்கத்தில், வந்து சேர்ந்தார், தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மற்றவர்களிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். நான் விடவில்லை. கேப்டனைத் திரும்பப் படுக்க வைக்கவும் நாலு பேர் வேண்டும்.