வியாழக்கிழமை ஷூட் தள்ளிப் போகாது

டென்னிசன் அண்ணன் இறந்துவிட்டார். இன்று காலை நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது.

நான் டிசைன் பண்ணிய வீடுகளையெல்லாம் போட்டோ எடுத்தவர் அவர்தான். என் வெப்சைட்டைப் பார்த்துவிட்டு "யாரு எடுத்தது?" என்று நீங்கள் கேட்ட அத்தனை படங்களும் அவருடையவை.

முதல் வீடு மார்த்தாண்டத்தில். "நாளைக்கு வந்து ஒரு இருபது படம் எடுத்துத் தாங்கண்ணா" என்று போனில் சொன்னேன். பார்சல் சாப்பாடு சொல்வது மாதிரி.

"யாரு பாக்கதுக்கு மக்கா?" என்று கேட்டார். "யாராவது பாப்பாங்கண்ணா" என்றேன். "அது தெரிஞ்ச பொறவு கூப்பிடு, வாறேன்."

சரியான கோபம் எனக்கு. இரண்டு நாள் கழித்துத்தான் கூப்பிட்டேன். "அடுத்து வீடு கட்டப் போறவங்க பாக்கணும்ணா."

வந்தார்... கேமரா இல்லாமல்! பகல் முழுக்க வீட்டைச் சுற்றி, எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது என்று எழுதிக்கொண்டார். கிளம்பும்போது வீட்டுக்கார அம்மாவிடம், "சோபாவுக்க பிளாஸ்டிக் கவர நாளைக்கு மட்டும் கழத்தி வைப்பியளா?"

"அழுக்காயிரும்லா!" என்று அந்த அம்மா பதறினார். மறுநாள் படம் எடுத்து முடித்ததும் கவரை அண்ணனே திரும்ப மாட்டிக் கொடுத்தார்.

அப்புறம் நான் செய்த தப்பு. டைல்ஸ் கடைக்காரர் கேட்டார் என்று ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். ஒரே வாரத்தில் ஜங்ஷனில் பெரிய பிளெக்ஸ். அண்ணன் பெயர் எங்கேயும் இல்லை.

"படம் ஒனக்க வேலைக்குத் தந்தது. கடைக்கு வேணும்னா அவரு எங்கிட்ட கேக்கணும், கேட்டியா? ஒரு பேரு கூடப் போடல்ல..." குரலை உயர்த்தவில்லை. எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

அன்றைக்கே போய், கழற்றும்வரை நகர மாட்டேன் என்று பிளெக்ஸுக்குக் கீழே நின்றேன். கழற்றினார்கள்.

நாளை மறுநாள், வியாழக்கிழமை, அருமனை வீட்டில் ஷூட். சுற்றிலும் ரப்பர் மரங்கள், மாடிப்படிச் சுவரில் வெயில் நிற்பதே கால் மணி நேரம்தான். அண்ணன் இரண்டு தடவை வந்து பார்த்து, பதினான்கு படத்துக்கு லிஸ்ட் எழுதித் தந்திருக்கிறார். கடைசி வரி: "முன்னால நிக்கிற காரை முந்தின நாளே மாத்தணும்."

வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை துபாய் போகிறார். பிறகு இரண்டு வருஷம் வீடு பூட்டித்தான் கிடக்கும்.

"கேன்சல் பண்ணிருவமா?" என்று கேட்டார். முடியாது என்றேன். அழுதுகொண்டுதான் சொன்னேன்... ஆனால் சொன்னேன்.

நாகர்கோவிலிலிருந்து வேறொருவர் வந்து எடுக்கிறார். லிஸ்ட்டைப் படித்துவிட்டு, "இதுல மாத்த ஒண்ணும் இல்ல" என்றார். படத்துக்குக் கீழே இரண்டு பெயர் வரும் என்றேன். சரி என்று சொல்லிவிட்டார்.

நாளை அடக்கம். அது முடிந்ததும் நேரே அருமனைக்குத்தான் போகிறேன்.

போய் வாங்கண்ணா... காரை நாளைக்கே மாத்திருவேன்.