எட்டு மன்னர்களுக்குப் பின்னால்

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் நாட்டில் மாமன்னர் மாறிய சில மாதங்களில், கிள்ளானில் நடந்தது இது. இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பாதி சொல்லும்போதே பேச்சை மாற்றிவிடுவேன்.

நான் ரவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதன்பிறகு லோரியில் சாமான் ஏற்றினேன், காஜாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு மங்கு கழுவினேன், பூச்சோங்கில் காவலாளியாக நின்றேன். அதுவரை எந்த ஊரிலும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. ஒத்துவரவில்லை என்றால் பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிடுவேன். இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் இருக்கிறேன்.

எங்கே போனாலும் என்னோடு வருவது ஒரு தகரப் பெட்டி. அதில் ராஜாக்களின் பழைய படங்கள் இருக்கின்றன. சுல்தான்கள், இங்கிலாந்து ராணி, சயாம் அரசர், தலைப்பாகையில் முத்துச்சரம் தொங்கும் இந்திய மகாராஜாக்கள். உனக்கு எதற்கு ராஜா படம் என்று கேட்காதவர் இல்லை. நான் ஓரிடத்தில் உட்காராதவன். அந்தப் படங்களில் இருப்பவர்கள் அத்தனை பேரும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை முடிந்து வந்து ஒன்றை எடுத்துப் பார்த்தால் மனது அடங்கும். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் நாட்டில் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை சுல்தான்களில் ஒருவர் முறைவைத்து மாமன்னர் ஆவார். பேச்சில் அகோங் என்போம். கடைகளில் அவர் படம் மாட்டியிருக்கும். அகோங் மாறினால் படமும் மாறும். ஆனால் பழைய படத்தைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வராது, ராஜா படமாயிற்றே. அதனால் பலர் அதே படச்சட்டத்தைக் கழற்றி, பழைய படத்தை உள்ளேயே விட்டுவிட்டு, புதியதைக் கண்ணாடிக்கு அடுத்தபடியாக வைத்து மூடிவிடுவார்கள். ஒரு பழைய கடையின் சட்டத்தைப் பின்பக்கமாகத் திறந்தால், ஒருவர் பின்னால் ஒருவராகப் பல ராஜாக்கள் இருப்பார்கள். என்னைப் போன்றவர்கள் தேடுவது அப்படிப்பட்ட சட்டத்தைத்தான். எல்லாவற்றுக்கும் கடைசியில் இருப்பதுதான் விலைமதிப்பில்லாதது.

அப்படி ஒரு சட்டம் கிள்ளானில் ஒரு முடிவெட்டும் கடையில் இருந்தது. அங்கே ஒரு கிடங்கில் வேலை செய்தபோது மாதம் ஒருமுறை அந்தக் கடைக்குப் போவேன். தடிமனான தேக்குச் சட்டம். கடைக்காரர் காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலையாகத் துணி எடுத்து அந்தக் கண்ணாடியைத் துடைப்பார். சாமி படத்துக்குப் பூ வைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"இன்னும் பத்து வருஷம் தொடச்சீங்கன்னா அங்கிள், அகோங் கூப்பிட்டு டத்தோ பட்டம் குடுத்துடுவாரு லா" என்று காத்திருப்பவர்கள் கேலி செய்வார்கள்.

"குடுத்தா வாங்கிக்கிறேன். நீ மண்டைய நேரா வை" என்பார்.

ஒருநாள் நான் வாய்விட்டே கேட்டேன். அந்தப் படத்தைச் சட்டத்தோடு கொடுப்பீர்களா என்று.

கத்தரிக்கோல் நின்றது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"கடையில நாற்காலி கேட்டிருக்கான், கண்ணாடி கேட்டிருக்கான். அகோங் படத்தைக் கேக்குற மொத ஆளு நீதான்யா. முடிய வெட்டிக்கிட்டுப் போ."

அதன்பிறகு நான் கேட்கவில்லை. ஆசை மட்டும் போகவில்லை.

பிரிக்பீல்ட்ஸுக்கு வந்த பிறகு ஒருநாள், அந்தக் கடைக்காரர் பக்கவாதத்தில் விழுந்துவிட்டார், பேச்சு போய்விட்டது, கடையைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டதும் முதலில் என் நினைவுக்கு வந்தது அவர் இல்லை, அந்தச் சட்டம்தான். மறுநாளே கிள்ளானுக்குப் போனேன். அவருடைய மகள், முப்பத்தைந்து வயது இருக்கும், தனியாக நின்று சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார். நாற்காலிகளைத் தூக்கி லோரியில் ஏற்றிக் கொடுத்தேன். கூலியாக என்ன வேண்டும் என்றார். அந்தப் பழைய படத்தைக் கேட்டேன்.

"இதுவா? எடுத்துக்கோங்கண்ணே. பழைய அகோங்தானே."

மேல்தட்டில் புதிய மாமன்னரின் படம் ரப்பர் வளையம் போட்டுச் சுருட்டியபடியே கிடந்தது. வாங்கி வைத்திருக்கிறார், மாட்டுவதற்குள் விழுந்துவிட்டார். அதை நான் கவனித்தேன். ஆனால் அதற்கு மேல் யோசிக்கவில்லை. வேறு படங்கள் கிடைத்தால் அழைக்கும்படி என் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு, சட்டத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு ரயிலேறினேன்.

அறைக்கு வந்ததும் சட்டத்தைக் குப்புற வைத்து ஆணிகளைப் பிடுங்கினேன். முதலில் பலகை. அதன் கீழே மஞ்சளான செய்தித்தாள். அதற்கும் கீழே வெள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சின்னப் படம். திருப்பினேன். கருப்பு வெள்ளையில், பள்ளிச் சீருடையோடு ஒரு சிறுமி. சட்டம் போடும் கடைகளில், ஆட்கள் வாங்காமல் விட்ட படங்களை அட்டைக்குப் பதிலாக வைப்பது உண்டு. இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். செய்தித்தாளோடு சேர்த்துப் பக்கத்தில் போட்டேன். அடுத்தது நான் தேடியது: கையால் வண்ணம் தீட்டிய ஒரு பழைய சுல்தான் படம், உடையில் தங்க இழை இன்னும் மின்னியது. அதற்கு முன்னால் ஏழு மாமன்னர்கள், ஆக எட்டுப் பேர். அன்று நான் சாப்பிடக்கூட மறந்துவிட்டேன்.

பழைய தாளையும் அட்டையையும் நல்ல படங்களோடு வைத்திருக்கக் கூடாது, கறையும் கரையானும் ஒட்டிக்கொள்ளும். அதனால் அவற்றை உடனே கழித்துவிடுவது என் வழக்கம். இரண்டு நாளில் பழைய பேப்பர் லோரி ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வந்தது. மொத்தக் கட்டையும் தூக்கிக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து அந்த மகள் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணே, அந்த அகோங் படம் இருக்கா? வித்துட்டீங்களா?"

இருக்கிறது என்றேன்.

"அப்பாவ கடைக்குக் கூட்டிட்டுப் போனோம், சாவி ஒப்படைக்க. வெறும் சுவத்தைப் பாத்துட்டு கைய தூக்கித் தூக்கி அடிக்கிறாரு. அன்னிலேருந்து சாப்பாட்டுல வாய வைக்க மாட்டேங்கிறாரு. புது அகோங் படத்தை எடுத்து மாட்டினேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. ஒரே ஒரு தடவ கொண்டாந்து காட்டுங்கண்ணே. திரும்ப எடுத்துட்டுப் போங்க, பரவால்ல."

மறுநாள் எட்டுப் படங்களையும் ஒரு கோப்பில் அடுக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். வலது பக்கம் முழுவதும் செயலில்லை, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். படங்களைக் கோப்போடு அவர் மடியில் வைத்தேன்.

மேலே இருந்த மாமன்னரை இடது கையால் எடுத்து ஓரமாக வைத்தார். அடுத்தவரையும் வைத்தார். அதற்கடுத்தவரையும். ஒவ்வொருவராக, மரியாதையாக, ஆனால் ஒருவர் முகத்தையும் பார்க்காமல். கடைசியில் வண்ணச் சுல்தானையும் எடுத்து வைத்தார். பிறகு காலிக் கோப்பின் அடியில் கையை விட்டுத் துழாவினார். ஒன்றும் இல்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

செய்தித்தாளோடு சேர்த்துப் போட்ட அந்தப் படம் நினைவுக்கு வந்தது.

"அதுக்குள்ள ஒரு சின்னப் புள்ள படம் இருந்துச்சு" என்றேன். "ஸ்கூல் உடுப்புல."

மகள் என்னையே பார்த்தார். சமையலறை வாசலில் அவருடைய தாயார் நின்றுகொண்டிருந்தார். கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது.

பிறகு மகள்தான் மெதுவாகச் சொன்னார். அவருக்கு ஓர் அக்கா இருந்தாராம். பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்த சில மாதங்களில் காய்ச்சலில் போய்விட்டாராம். இவர் பிறந்ததே அதற்கப்புறம்தான். தாயாரால் தாங்க முடியவில்லை. படங்கள், உடுப்புகள், புத்தகங்கள் எல்லாவற்றையும் எரிக்கச் சொல்லிவிட்டார். அந்தப் பெயரையே வீட்டில் எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். கணவர் மறுபேச்சு பேசாமல் எரித்தார். ஒரே ஒரு படத்தை மட்டும் எரிக்கவில்லை என்பது அவர்களுக்கே அன்றுதான் தெரிந்தது. அதை யாரும் கை வைக்கத் துணியாத ஓர் இடத்தில் வைத்தார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. காலையில் அவர் துடைத்தது யாருடைய கண்ணாடியை என்று புரிந்தது. படத்தின் வெள்ளை முதுகு ஏன் பலகைப் பக்கம் இருந்தது என்றும் புரிந்தது. அந்தச் சிறுமி மன்னர்களுக்குப் பின்னால் நின்று கடையைப் பார்த்தபடி இருந்திருக்கிறாள். மாமன்னர் மாறும்போது மட்டும் சட்டத்தைத் திறப்பார். ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான் மகளைப் பார்ப்பார். இந்த முறை பார்க்க வேண்டிய நேரத்தில், புதுப் படம் தட்டில் சுருண்டு கிடக்க, அவர் விழுந்துவிட்டார். நான் போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

"வீட்ல இருக்கு. கொண்டு வரேன்" என்றேன். அது பொய் என்று சொல்லும்போதே தெரியும்.

பேப்பர் லோரிக்காரரைத் தேடிப் பிடித்து, அவர் சரக்குப் போடும் பூச்சோங் கிடங்குக்குப் போனேன். மலைபோல் தாள். சீன முதலாளி நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். "மூணு வாரமா? சுடா ஹாபிஸ் லா, பாஸ்" என்றார், எல்லாம் எப்போதோ போய்விட்டது என்று. அப்புறம் என் முகத்தைப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, இரண்டு கையுறைகளைத் தூக்கிப் போட்டார். அன்றும் மறுநாளும் கிளறினேன். கல்யாணப் பத்திரிகைகளும் பள்ளிப் புத்தகங்களும் வந்தன. அவள் வரவில்லை.

மூன்றாம் நாள் கே.எல். சென்ட்ரலில் நின்றேன். ஒரு ரயில் கிள்ளானுக்கு, இன்னொன்று சிரம்பானுக்கு. சிரம்பானில் எனக்குத் தெரிந்த ஒருவர் வேலைக்கு ஆள் கேட்டுக்கொண்டிருந்தார். அறையில் இருப்பதே ஒரு பை, ஒரு பெட்டிதான். எத்தனையோ தடவை இப்படிக் கிளம்பியிருக்கிறேன், யாரும் தேடி வந்ததில்லை. அன்று சிரம்பான் ரயில் இரண்டு போகும்வரை நடைமேடையில் உட்கார்ந்திருந்தேன். அவர் தலையைத் தூக்கிப் பார்த்த பார்வை மட்டும் கூடவே இருந்தது. கிள்ளானுக்குத்தான் ஏறினேன்.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டே சொன்னேன். படம் இல்லை, பேப்பர் லோரியில் போட்டுவிட்டேன், அது யாரென்று தெரியாமல் போட்டுவிட்டேன் என்று. மகள் அழுதார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

தாயார்தான் பேசினார்.

"நீ பாத்தியா தம்பி? எப்படி இருந்தா?"

அவர் தன் மூத்த மகளைப் பற்றிக் கேட்டு முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் ஒரு நொடி பார்த்ததை ஞாபகப்படுத்திச் சொன்னேன்.

"நாற்காலியப் புடிச்சிக்கிட்டு நின்னாங்கம்மா. ரெட்டப் பின்னல். கருப்பு ரிப்பன்."

"கருப்பு இல்ல" என்றார் உடனே. "செவப்பு. நான்தான் கட்டிவிட்டேன். ஒரு பக்கம் அவுந்து அவுந்து விழும். ஸ்டூடியோவுல அந்த ஆளு ரெண்டு வாட்டி திட்டினான்." கொஞ்சம் நிறுத்தினார். "முன்பல்லு ரெண்டும் விழுந்திருந்துச்சு. வாயத் தொறந்தா தெரிஞ்சிடும்னு மொணங்கிக்கிட்டே வந்தா. சிரிடின்னு சொன்னேன். சிரிச்சாளா? படத்துல சிரிச்சாளா தம்பி?"

நான் எவ்வளவோ பொய் சொல்லிப் பிழைத்தவன். அப்போது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"தெரியலம்மா. நான் சரியாப் பாக்கல."

அப்போது பெரியவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. மூவரும் திரும்பினோம். அவர் கண்ணைத் திறந்திருந்தார். உதடுகளை இறுக மூடியபடியே, உயிர் இருந்த பாதி வாயை மெல்ல, மெல்ல இழுத்தார். பல் தெரியாமல் சிரிக்கப் பார்க்கும் ஒரு குழந்தையின் சிரிப்பு அது. இடது கையால் தன் வாயைத் தொட்டுக் காட்டினார், இப்படித்தான் என்பதுபோல்.

தாயார் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சிறுமியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை, அது அவர்களுடையது. அன்று மாலை பெரியவர் தன் மனைவி கையால் இரண்டு வாய் கஞ்சி குடித்ததாக மகள் பிறகு சொன்னார்.

எட்டு மன்னர்களையும் பழையபடி அடுக்கி, ஒன்பதாவதாகப் புதியவரையும் முன்னால் வைத்து, அதே தேக்குச் சட்டத்தில் மூடி அந்த வீட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டு வந்தேன். பின்பக்கம் காலி. என் தவறு ஏதோ நல்லதில் போய் முடிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மனிதர் பேச முடியாமல் கிடந்தபோது, தர மாட்டேன் என்று அவர் சொன்ன பொருளைத் தெரிந்தே எடுத்து வந்தேன். அது அப்படியேதான் இருக்கிறது.

இப்போதும் பழைய படங்கள் வாங்குகிறேன். ஆனால் வீட்டுக்காரர்களைப் பக்கத்தில் நிற்கவைத்து, அவர்கள் முன்னால்தான் ஆணியைப் பிடுங்குகிறேன். பெரும்பாலும் பழைய நாள்காட்டித் தாள்தான் வருகிறது. அதையும் இரண்டு பக்கமும் திருப்பி, ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் கீழே வைக்கிறேன். அன்று அந்த ஒரு நிமிடம் பார்த்திருந்தால், அவள் சிரித்தாளா என்று கேட்ட தாய்க்கு என்னிடமும் ஒரு பதில் இருந்திருக்கும்.