எனக்கும் வெள்ளிக்கிழமைதான்

சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் இடையே ஒரு குறுகிய ஒழுங்கைதான். வெள்ளிக்கிழமைப் பிரசங்கமான குத்பா ஒலிபெருக்கியில் ஒரு சொல் விடாமல் கேட்கும். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அதை நான் அடுப்படியில் நின்றுதான் கேட்டிருக்கிறேன். தையல் தொடங்கிய பிறகு, காலை மெஷினிலும் கண்ணைச் சோற்றுப் பானையிலும் வைத்துக்கொண்டு கேட்டேன். வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குக் கணவரின் ராத்தா, என் மூத்த மதினி, குடும்பத்தோடு வருவார். கல்முனை மார்க்கட்டில் துணிக்கடை வைத்திருப்பவர் நான் தைத்த அபாயா அங்கிகளுக்கு அன்று பகலே ஆளனுப்புவார். வீட்டில் எல்லோரும் குளித்து அத்தர் பூசி ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போன பிறகுதான் எனக்கு வேலை கூடும். என்னுடைய லுஹர் என்கிற பகல் தொழுகை பின்னேர அஸருக்குக் கிட்டத்தில், வியர்வையோடு, அவசரமாக நடக்கும்.

நோன்புக்கு முந்திய மாதம் ஒரு வெள்ளி. பாங்கு சொன்னதும் தொழிலை நிறுத்துங்கள், இது உங்களுடைய பெருநாள், இதை வேலைக்குப் பறிகொடுத்துவிடாதீர்கள் என்று குத்பாவில் கதீப் பேசினார். நான் ஒரு அபாயாவின் கையை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன 'உங்களுடைய' என்பதில் நானும் சேர்த்தியா என்று யோசித்தேன். சேர்த்திதான் என்று முடிவெடுக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. மெஷினை நிறுத்தினேன். இறைச்சி பாதி வேக்காட்டில் இருந்தது. கேஸை மூடினேன். போனையும் அணைத்தேன். குளித்து, நிதானமாகத் தொழுது, ஆசை தீரக் குர்ஆன் ஓதிவிட்டு ஃபேனுக்குக் கீழே படுத்துக்கொண்டேன். காய்ச்சல் இல்லாமல் நான் பகலில் படுத்தது அன்றுதான்.

பள்ளியிலிருந்து வந்த கணவர் அறை வாசலில் நின்றார். பின்னால் மதினியும் பிள்ளைகளும்.

"என்ன புள்ள, சுகமில்லையா?"

"சுகமாத்தான் இருக்கன்."

"அப்ப சோறு?"

"ஆக்கல்ல. இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

மதினிக்கு முகம் சிவந்துவிட்டது. "பொம்புளைகளுக்கு ஜும்ஆ கடமையில்லதானே," என்றார்.

"ஓம் மதினி, கடமையில்ல. இறைச்சி ஆக்குறது கடமை எண்டு எங்க இருக்கி?"

அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கணவர் ஹோட்டலில் சோற்றுப் பார்சல் வாங்கிவந்து, என்னைப் பார்க்காமலே சாப்பிட்டார்.

மறுநாள் துணிக்கடைக்காரர் கோபத்தோடு பேசினார். அடுத்த வெள்ளியும் அந்த நேரத்தில் தைக்க மாட்டேன் என்றதும் வேலையை மருதமுனையில் வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார். நோன்புப் பெருநாள் வருகிற நேரத்தில் அது பெரிய இழப்பு. கிடக்கட்டும் என்றேன். கணவருக்குத்தான் பொறுக்கவில்லை. கொஞ்ச நேரம் தைத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார். அவருக்கு ஒரு இரும்புச் சாமான் கடை இருக்கிறது. ஜும்ஆ நேரத்தில் அதன் கதவு திறந்து நான் கண்டதில்லை.

"அந்த நேரம் நீங்க கடையத் திறந்து வைங்க, நானும் தைக்கிறன்."

அவர் அடுத்த வியாழன் பின்னேரம் மீன் வாங்கிவந்து, கறியை இன்றைக்கே ஆக்கிவைப்போமா என்று கேட்டார். இப்போது வெள்ளிக்கிழமைச் சோறு அவர் பொறுப்பு. பள்ளிக்குப் போக முன்னர் ஆக்கிவிடுவார். சில நாள் குழைந்துபோகும். அதைத்தான் சாப்பிடுகிறோம்.

மதினி வருவதைக் குறைத்துக்கொண்டார். நான் சோம்பேறியாகிவிட்டேன் என்று ஊரில் சொல்கிறாராம். போன வாரம், அந்த நேரத்தில் நான் ஓதுகிறேனா தூங்குகிறேனா என்று தம்பியான என் கணவரிடம் விசாரித்திருக்கிறார். சில வெள்ளி ஓதுகிறேன், சில வெள்ளி தூங்குகிறேன் என்று அப்படியே போய்ச் சொல்லச் சொன்னேன்.