ஆயரை இறக்கியவர்களும் அப்பக்காரம்மாவின் மகளும்

அப்பக்காரம்மாவுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை அறிந்தவர் இன்று அவருடைய அண்ணன் ஒருவர்தான். அவரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பூசையில் குருவானவர் உயர்த்திப் பிடிக்கிறாரே, அந்த வெள்ளை அப்பத்தைச் சுடுகிறவர் என்பதால் ஊருக்கெல்லாம் அவர் அப்பக்காரம்மா. கோயிலுக்குப் பின்புறம், சைக்கிள் நிறுத்தும் கொட்டகையை ஒட்டி ஓர் அறை. அதில் இரண்டு இரும்புத் தட்டுகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் மின்சார அச்சு, மாவு கரைக்கும் வாளி, வட்டமாக வெட்டுகிற கைப்பிடி இயந்திரம். கோதுமை மாவும் தண்ணீரும், அவ்வளவுதான். சுட்ட தகடுகளை ஈரத்துணி போட்டு மூடிவைத்து மறுநாள்தான் வெட்டவேண்டும். காய்ந்ததை வெட்டினால் பொடிப்பொடியாக உதிர்ந்து வேலை பாழாகிவிடும். கணவர் போன பிறகு இந்த வேலையை வைத்துத்தான் அந்த அம்மா மகளைப் படிக்கவைத்தார். மகள் இப்போது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள்.

இந்தக் குடும்பத்துக்கும் ஆயரை இறக்கும் சண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒரு சம்பந்தமும் இருந்திருக்கக் கூடாது. இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

மறைமாவட்டத்துக்கே தலைவரான அந்த ஆயரை யாருக்கும் பிடிக்காது. பிடிக்காததற்கு நியாயமும் இருந்தது. கோயில் வளாகத்தில் ஏழைப் பெண்கள் பிள்ளை பெறுகிற ஆஸ்பத்திரி ஒன்று நடந்துகொண்டிருந்தது. அப்பக்காரம்மா மகளைப் பெற்றதும் அங்கேதான். அதை ஆயர் ஒரே உத்தரவில் மூடி, அந்த இடத்தில் பளிங்கு போட்ட மாநாட்டு மண்டபம் கட்டினார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்கள் கூட்டமாகப் போய் ஆயர் இல்லத்து வாசலில் நின்றபோது டிரைவர் வெளியே வந்து, ஆயர் ஜெபத்தில் இருக்கிறார் என்றார். மாடியிலிருந்து பந்தாட்ட வர்ணனை தெருவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. வெயிலில் நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சீ என்று ஆகிவிட்டது.

போராட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் அப்பக்காரம்மாவின் அண்ணன். நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பேச்சிலும் சட்டத்தை இழுப்பார் என்பதால் அரை வக்கீல் என்று பெயர். தினமும் கோயில் கேட்டில் நின்று முழங்குவார். ஆதித் திருச்சபையில் ஜனங்கள்தான் கூடி ஆயரைத் தேர்ந்தெடுத்தார்கள், உட்காரவைக்கத் தெரிந்தவர்களுக்கு எழுப்பிவிடத் தெரியாதா என்பது அவர் கட்சி. ஆயர் இல்லத்தின் பக்கம் நின்று பேசியவர் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர்தான். ஆயர் என்ன வார்டு கவுன்சிலரா, பிடிக்காவிட்டால் ஓட்டுப் போட்டு இறக்குவதற்கு, அதிகாரம் மேலேயிருந்து வருகிறது, அதைக் கீழேயிருந்து பிடுங்கினால் நாளைக்கு எந்தச் சாமியாரும் நிலைக்கமாட்டார் என்பார் அவர். அரை வக்கீலுக்குக் கைதட்டல் விழும். தலைமையாசிரியருக்கு ஏச்சு விழும். அண்ணன் கடைசியில் எப்போதும் ஒரே வாக்கியத்தில்தான் முடிப்பார்: "எங்களைக் கேக்காம எங்களைப் பத்தி முடிவு பண்ண நீ யாரு?" அதைக் கேட்கும்போதெல்லாம் அப்பக்காரம்மாவுக்கு மயிர்க்கூச்செறியும். மாவு படிந்த கையோடு போய் கோஷம் எழுதிய அட்டை பிடித்து நின்றிருக்கிறார்.

அந்தக் கோயிலின் குருவானவரான பங்குச் சாமி இளைஞர், நல்ல குரல். சின்னச் சாமி என்று எல்லோரும் செல்லமாக அழைப்பார்கள். அவர் ஜனங்களோடு சேர்ந்துகொண்டார். ஆயர் அவரைப் பதவியிலிருந்து நீக்கி உத்தரவு அனுப்பினார். கோயில் வாசலில் வாசிக்க வந்தவர் கையிலிருந்து அதைப் பிடுங்கி அரை வக்கீல் நாலாகக் கிழித்துப் போட்டார். கிழித்தால் உத்தரவு போய்விட்டது என்று ஊரே நம்பியது, படித்தவர்களும் நம்பினார்கள். புதிதாக அனுப்பப்பட்ட குருவானவரைக் கேட்டிலேயே மடக்கித் திருப்பி அனுப்பினார்கள். சின்னச் சாமி பூசை வைத்துக்கொண்டே இருந்தார்.

மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது இந்த நேரத்தில்தான். மாப்பிள்ளை கைப்பேசிக் கடை வைத்திருப்பவன். பையன் பேசினால் தேன் ஒழுகும். தலைமையாசிரியர் அப்பம் வெட்டும் அறைக்கே வந்து, பக்கத்துப் பங்குக் கோயிலில் வைத்துக்கொள்ளுங்கள், நீக்கப்பட்ட குருவானவருக்குக் கல்யாணம் நடத்திவைக்க அதிகாரம் கிடையாது, அது கோயில் சட்டப்படி கல்யாணமே ஆகாது என்று பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். ஆயருக்கு வால் பிடிக்கிறவர் பேச்சை யார் கேட்பது? அப்பக்காரம்மா இயந்திரத்தை விட்டுத் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

ஆனாலும் மனசு கேட்காமல் அண்ணனிடம் கேட்டார். மேல்முறையீடு போட்டிருக்கிறோம், முடிவு வரும்வரை அவர்தான் பங்குச் சாமி என்று அண்ணன் அடித்துச் சொன்னார். சின்னச் சாமியிடமும் கேட்டார். அவர் பூசை உடுப்பை மடித்துக்கொண்டே, "ஜனங்க விசுவாசம்தாம்மா பெரிய சட்டம். பயப்படாதீங்க" என்றார்.

உண்மை என்னவென்றால் போராட்டக்காரர்களுக்கு ஒரு கல்யாணம் தேவைப்பட்டது. ஆயர் இல்லாமலே எல்லாம் நடக்கிறது என்று காட்டவேண்டும். அந்தப் பெண் பீடத்துக்கு நடந்து வந்தபோது பின்னால் 'ஆயரே வெளியேறு' என்று பெரிய பதாகை தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாணப் படம் எல்லாவற்றிலும் மணமக்கள் தலைக்கு மேலே அந்த வாசகம்தான். இது எவ்வளவு அசிங்கம் என்று அன்றைக்கு ஒருவருக்கும் உறைக்கவில்லை. அப்பக்காரம்மாவுக்கும் உறைக்கவில்லை.

கடைசியில் ஆயர் போனார். இறக்கப்பட்டார் என்று ஊர் சொன்னது. உடல்நிலை காரணமாக விலகினார் என்று ஆயர் இல்லம் சொன்னது. உடல்நிலை கெட்ட மனிதருக்கு இதைவிடப் பெரிய இடத்தில் இதைவிடப் பெரிய நாற்காலி கிடைத்தது. ஆஸ்பத்திரி திறக்கவில்லை. பளிங்கு மண்டபம் பளபளவென்று அப்படியே இருந்தது. புது ஆயர் வந்தார். சிரித்த முகம், எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கினார். சமாதானப் பூசை அந்த மண்டபத்திலேயே நடந்தது. சின்னச் சாமி நல்ல குரலில் மன்னிப்பு வாசித்தார்; அடுத்த மாதமே கல்லூரி ஒன்றுக்கு அதிபராகிவிட்டார். அரை வக்கீலுக்கு ஆயரின் ஆலோசனைக் குழுவில் இடம். விருந்தில் இரு கட்சிக்காரர்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டார்கள். தலைமையாசிரியரை மட்டும் யாரும் அழைக்கவில்லை.

இப்போது மாப்பிள்ளையின் தேன் தீர்ந்துபோயிருந்தது. பெண் வேலையை விடவேண்டும் என்று அவன் அம்மா சொன்னாள். விடமாட்டேன் என்று இவள் சொன்னாள். ஐந்து மாத வயிற்றோடு இவளைக் கொண்டுவந்து அம்மா வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, பெட்டியையும் பக்கத்தில் வைத்துவிட்டு அவன் போனான். நேராக ஆயர் இல்லத்துக்குத்தான் போனான். எனக்கு நடந்த கல்யாணம் செல்லுமா என்று கேட்டான். யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பதிலும் சட்டென்று வந்துவிட்டது: செல்லாது. ஓர் ஆயரை அசைக்க ஊரே கூடி வருடக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தவேண்டியிருந்தது. ஒரு பெண்டாட்டியை இறக்கிவிட ஒருத்தன் ஒரு காலைப்பொழுது போய்வந்தால் போதும்.

அப்பக்காரம்மா ஆயர் இல்லத்துக்கு ஓடினார். கல்யாண வழக்குகளைப் பார்க்கும் வயதான குருவானவர் மரியாதையாக உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, சாவதானமாக விளக்கினார். நீக்கப்பட்ட குருவானவர் நடத்தியது. அவர் நீக்கப்பட்டது ஊருக்கே தெரியும். தெரியாமல் நடந்தது என்றும் சொல்ல வழியில்லை. ஆகவே கல்யாணம் ஆகவில்லை. "ஆனா குழந்தைக்கு ஒரு குறையும் இல்லம்மா. செல்லும்னு நம்பித்தானே பண்ணீங்க? முறையான குழந்தைதான், சட்டமே அப்படித்தான் சொல்லுது" என்று ஆறுதலும் சொன்னார். கல்யாணம் இல்லையாம், ஆனால் குழந்தை முறையானதாம். அப்பக்காரம்மா டம்ளரை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார்.

வெளியே தாழ்வாரத்தில் சின்னச் சாமி எதிரே வந்தார். புதுக் கண்ணாடி, புதுக் கைப்பை. தப்பிக்க வழியில்லாமல் நின்றார். தான் அந்தக் காலத்தில் கீழ்ப்படியாமையில் இருந்ததாகவும், அதற்காக மிகவும் அழுததாகவும், கடவுள் மன்னித்துவிட்டதாகவும் சொன்னார்.

"சந்தோஷம் சாமி. என் மகளையும் ஒருவாட்டி வந்து பார்த்துச் சொல்லிட்டுப் போங்க" என்றார் அப்பக்காரம்மா.

சின்னச் சாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் இருக்கிறதாம். அந்த அம்மா வாழ்நாளில் எந்தக் குருவானவருக்கும் முதுகைக் காட்டியதில்லை; அன்றைக்குக் காட்டினார்.

அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் போயிற்று. ஊர் வாய் சும்மா இருக்குமா? கல்யாணமாகாத வயிறு என்று குழாயடியிலேயே ஒருத்தி சொல்லிவிட்டாள். அவளும் அந்த அட்டையைப் பிடித்து நின்றவள்தான். எப்படியாவது மகளுக்கு அந்தக் கல்யாணம் மீண்டு வரவேண்டும், பிள்ளை பிறக்கும்முன் வரவேண்டும், அப்பக்காரம்மாவுக்கு வேறு நினைப்பே இல்லை. மாவு வாளி முன்னால் உட்கார்ந்தும் அதே ஜெபம்தான்.

ஒரு சாயங்காலம் அண்ணன் முகமெல்லாம் பல்லாக வந்தார். மகள் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டி வந்து தங்கைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். புது ஆயர் தங்கமான மனிதராம். இரண்டு பேரும் சம்மதித்தால் பழைய கல்யாணத்தையே செல்லும் என்று ஆக்கிவிடுவாராம். மறுபடி மோதிரம்கூட மாற்றவேண்டாமாம். மாப்பிள்ளையும் இறங்கி வந்துவிட்டானாம். இரண்டே இரண்டு விஷயம்: பெண் வேலையை விடவேண்டும், மாமியாரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடவேண்டும்.

"எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிச்சாச்சு. வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வந்துடு" என்றார்.

அப்பக்காரம்மாவுக்கு உடம்பு லேசாகிவிட்டது. கேட்டது கிடைத்துவிட்டது. சரி என்ற சொல் வாய்வரை வந்தது. அப்போதுதான் மகளைப் பார்த்தார். அவள் தட்டில் கையை வைத்தபடி, தன்னைப் பற்றிய பேச்சை யாருடைய பேச்சையோ கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்ததிலிருந்து மாமா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"யார் யாரு அண்ணா உட்கார்ந்து பேசினீங்க?"

ஆயர் இல்லத்துக் குருவானவர், மாப்பிள்ளை, அவன் தாய்மாமன், சின்னச் சாமி, நான் என்று அண்ணன் பெருமையாகச் சொன்னார்.

"இவ?"

"இவகிட்ட என்னத்தைக் கேக்கறது? இவளுக்காகத்தானே இவ்வளவும்."

அப்பக்காரம்மா அண்ணனை ஏதோ புது மனிதரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கேட்டில் நின்று இவர் முழங்கியதற்கெல்லாம் கைதட்டிய தன் கையை நினைத்தபோது, மற்ற எல்லோர் மேலும் வந்ததைவிட அதிகமான அருவருப்பு தன்மேல் வந்தது.

"அந்த ஆயரை எதுக்குண்ணா போகச் சொன்னீங்க?" என்று மெல்லக் கேட்டார்.

அண்ணன் "அது வேற, இது வேற" என்றார்.

மகள் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். "மாமா, எனக்கு வேணாம்."

இப்போதுதான் அவர் திரும்பினார். "சின்னப் பிள்ளை மாதிரிப் பேசாதே. நாலு பேர் கேட்டா என்ன சொல்லுவே?"

"கல்யாணமே நடக்கலைன்னு நீங்க எல்லாரும்தானே சொன்னீங்க. நடக்காத கல்யாணத்துல எனக்கு ஏது மாமியார்? யார்கிட்ட மன்னிப்புக் கேக்கறது?"

அண்ணன் தங்கையிடம் திரும்பினார். "நீ சொல்லு. பெத்தவ நீ."

அப்பக்காரம்மாவுக்குப் பயம் ஒன்றும் போய்விடவில்லை. குழாயடியும் அந்த வாய்களும் நாளைக்கும் அங்கேதான் இருக்கும். இருந்தாலும் எழுந்து போய் மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "நான் அவளைக் கேக்காம உங்களைக் கேட்டேன், சாமியைக் கேட்டேன். அதனாலதான் இப்படி ஆச்சு" என்றார்.

அண்ணன் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். அத்தனை பெரிய மனிதர்கள் கூடிப் பேசி முடித்ததை, ஆயர் காதுவரைக்கும் போனதை, இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் இல்லை என்று சொல்வது என்று கேட்டார்.

"அவளுக்கு வேணாமாம்னு சொல்லுங்க" என்று அப்பக்காரம்மா உள்ளேயிருந்து சொன்னார். "நம்பலைன்னா, வந்து அவளையே கேக்கச் சொல்லுங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல."