தனியாகக் கேட்காத கேள்வி

ஜெர்மன் சண்டை என்ற முதல் உலகப் போர் முடிந்து சில வருஷங்கள் இருக்கும். மலாயாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட எங்கள் சபைக்கு மாதம் ஒருமுறை போதகர் வருவார்.

அன்று அப்பமும் ரசமும் தரும் திருவிருந்து. என் மனைவி மரியாள் எழுந்து முன்னே போனபோது, பாட்டு நடத்தும் ஞானமுத்து அண்ணன் எல்லார் முன்னும் சொன்னார்: "ஐயா, இவ மாரியம்மன் கோயில் பொங்கல வாங்கித் தின்னவ. இவளுக்குக் குடுக்கக் கூடாது."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. பொங்கல் வந்ததை நானும் பார்த்திருந்தேன்.

போதகர் அப்பத்தைத் துணியால் மூடினார். "மொதல்ல தனியாப் போய்க் கேக்கணும்னுதானே ஆண்டவர் சொன்னாரு. கேட்டீங்களா, ஞானமுத்து?"

"இல்லீங்கய்யா."

"இப்பப் போய்க் கேளுங்க. நாங்க காத்திருக்கோம்."

அண்ணனும் மரியாளும் நானும் வெளியே மரத்தடிக்குப் போனோம். அண்ணன் கேட்டார்.

"வாங்குனேன் அண்ணே," என்றாள் மரியாள். "பக்கத்து வீட்டு முனியம்மா ஆசையாக் கொண்டாந்தா. முகத்துல அடிச்ச மாதிரி வேணாம்னு சொல்ல முடியுமா? ஆனா தின்னல, கோழிக்குப் போட்டேன். வேணும்னா கோழிய சபையிலேர்ந்து தள்ளி வைங்க."

அண்ணன் சிரிக்கவில்லை. உள்ளே போய் எல்லார் முன்னும் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். போதகர் துணியை விலக்கினார். எனக்குள் அப்போதும் ஒன்றும் அசையவில்லை.

வீடு திரும்பும்போது மரியாள் மெல்லக் கேட்டாள்: "நீங்களும் எங்கிட்டக் கேக்கலியே?"

ஞானமுத்து அண்ணன் கேட்க வேண்டுமென்றால் அடுத்த லயத்து வீட்டு வரிசையிலிருந்து நடந்து வர வேண்டும். நான் அதே பாயில் படுத்திருந்தவன்.