பாதைக்காரர் செய்த சுத்தம்

பாதைக்காரர் என்றால்தான் அந்த வன அலுவலகத்தில் அவரைத் தெரியும். மழைக்காட்டுக்குள் ஆராய்ச்சிக்காரர்கள் நடக்கப் பாதை வெட்டிக் கொடுப்பது அவர் பிழைப்பு. சுத்தம் என்றால் உயிர். வீட்டில் திரைச்சீலை கொஞ்சம் கோணலாகத் தொங்கினாலும் எழுந்துபோய் நேராக்கிவிட்டுத்தான் சாப்பிடுவார்.

"உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு ஸ்கேலைக் கட்டியிருக்கலாம்" என்பாள் மனைவி.

அந்தச் சுத்தம்தான் இந்த மழைக்காலத்தில் வினையாகிப் போனது. தவளை ஆராய்ச்சிக்கு வரும் பெண்ணை எல்லாரும் தவளை மேடம் என்பார்கள். போன வருடம் ஓடைக்கரையில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டவர். இந்த முறை அவர் விழக் கூடாதே என்று, யாரும் கேட்காமலேயே பாதைக்காரர் கரையை மழித்து வைத்தார். தண்ணீர் மேல் சாய்ந்திருந்த கிளைகளையும் விட்டுவைக்கவில்லை.

வந்து பார்த்த மேடத்தின் முகம் வெளுத்துப் போயிற்று.

"அண்ணே, அந்த இலைங்கள்லதான் அது முட்டையிடும். குஞ்சு நேரா தண்ணியில விழணும்."

அழிவின் விளிம்பில் நிற்கும் தவளை அது. நிழல், ஈரம், தெளிந்த நீர் மூன்றும் வேண்டும். அந்த ஓடையை விட்டால் உலகத்தில் அதற்குப் போக்கிடம் இல்லை. சில வருடங்களாக முட்டையே கண்ணில் படவில்லை. இந்த மழையிலும் இல்லையென்றால் கதை முடிந்தது என்றே மேடம் பயந்தார்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பாதைக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திரைச்சீலை கோணலாகத் தொங்கியது, அப்படியே விட்டுவிட்டார். அதைப் பார்த்துத்தான் மனைவிக்குப் பயம் வந்தது.

"மழைக்கோட்டையும் எங்கேயோ தொலைச்சுட்டு வந்திருக்கீங்க. உடம்புக்கு என்னங்க?"

மழை விட்ட ஒரு பிற்பகலில் மேடத்தோடு ஓடை வழியே தேடிப் போனார். கரை மொட்டையாகக் கிடந்தது. ஓடை திரும்பும் இடத்தில் ஒரே ஒரு கிளை. அதில் தண்ணீர் மேல் தொங்கிக்கொண்டிருந்தது அவருடைய மழைக்கோட்டு. வியர்க்கிறதென்று கழற்றி மாட்டியவர், அந்தக் கிளையைக் கடைசியில் வெட்டலாம் என்று விட்டு, கோட்டையும் கிளையையும் சேர்த்தே மறந்திருந்தார். எட்டி எடுக்கப் போனார்.

"தொடாதீங்க அண்ணே!"

கோட்டின் உட்புறம் கண்ணாடிபோல் பசை, அதற்குள் கடுகு கடுகாய் முட்டைகள். ஒன்றிரண்டு நெளிந்தன. மேடம் சிரித்தார், அழுதார், மூக்கைச் சிந்தினார். பாதைக்காரருக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. ஈரப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இனிமே இந்தக் கரையில கத்தி படக்கூடாது."

"புல்லைக்கூட உங்களைக் கேட்டுத்தான் தொடுவேன் மேடம்."

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. தொப்பலாக வந்தவரை மனைவி வாசலிலேயே மறித்தாள்.

"கோட்டு கிடைச்சுதா இல்லையா?"

"கிடைச்சுது. உள்ளே குடித்தனம் வந்திருக்காங்க. காலி பண்ணச் சொல்ல மனசு வரல."

தலையைக்கூடத் துவட்டாமல் உள்ளே போய், திரைச்சீலையை நேராக்கினார்.